பத்தாம் நாள் அறுக்க வேண்டிய கயிறு

புகை மூன்று வகை என்பார் கொம்பையா. கறுப்பாக வந்தால் வண்டி பெட்ரோலை அளவுக்கு மீறித் தின்கிறது, நீலமாக வந்தால் ஆயிலை எரிக்கிறது, வெள்ளையாக வந்தால் போகக் கூடாத இடத்துக்குத் தண்ணீர் போகிறது. இந்த மூன்றையும் விட்டால் நாலாவது புகை என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதரின் பட்டறை வாசலில்தான், வானம் பொய்த்த மூன்றாவது ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வேல்தாயின் வண்டி மழை பெய்தது.

பட்டறை இருந்தது டவுன் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற கொப்பரைப்பட்டி விலக்கில். நாலு பனங்கால், மேலே தகரம், அவ்வளவுதான். அங்கிருந்து ஊர் முக்கால் மைல், டவுன் பதினாலு மைல், மற்றதெல்லாம் கரிசல் காடு. டவுன் பட்டறைகளில் இனி ஆகாது என்று கைவிட்ட பழைய கார்கள் கொம்பையாவைத் தேடி வரும். வந்த வண்டியின் பானெட்டை அவர் உடனே திறந்துவிட மாட்டார். முதலில் ஓட்டி வந்தவரைப் பேசவிடுவார்; ஏற்றத்தில் நிற்கிறதா சமதரையில் நிற்கிறதா, காலையில் மக்கர் பண்ணுகிறதா சூடேறிய பிறகா என்று கேட்டுக்கொண்டே போய் வண்டியின் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சைலன்சருக்கு நேரே உள்ளங்கையை நீட்டி, வருகிற புகையைக் கையில் வாங்கி மோந்து பார்ப்பார். சித்திரை வெயிலில் நடு ரோட்டில் நின்றுபோன வண்டிக்கு ஒரு ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்பார். திரும்பி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருந்தது, ஆறியதும் சரியாகிவிட்டது, இதில் நான் செய்தது ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிடுவார். அப்படி உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் என்று பதினோரு ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயரை நம்பித்தான் இந்தக் கதையில் எல்லோரும் மோசம் போனார்கள்.

வேல்தாயின் வண்டி உருண்டை மூக்கும் வெள்ளை நிறமுமாக, முதலில் டவுனில் ஒரு டாக்டரிடமும் பிறகு ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடமும் இருந்துவிட்டுக் கடைசியில் அவள் புருஷன் சங்கிலியிடம் வந்து சேர்ந்தது. சங்கிலி மஞ்சள் காமாலையில் போன பிறகு, அந்த வண்டியை விற்க மனமில்லாமல், வறண்டு கிடந்த கண்மாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகி, நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவள் வேல்தாய். போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிற காலமில்லை அது. பிரசவமோ பாம்புக்கடியோ நெஞ்சுவலியோ, அந்தப் பதினோரு ஊருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அந்த வண்டிதான். அதன் பின் சீட்டிலேயே ஆறு பிள்ளைகள் பிறந்திருந்தன, மூன்று பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேல்தாய் சீட்டு உறையைக் கழற்றிக் கிணற்றடியில் அவளே துவைத்துப் போடுவாள்.

அந்த வண்டிக்குப் புரட்டாசியில் ஹெட் கேஸ்கட் போயிற்று. இஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே படுத்திருக்கிற ஒரு மெல்லிய தகடு அது. நெருப்பும் தண்ணீரும் ஆயிலும் அந்த ஒரே சுவரை நம்பித்தான் இஞ்சினுக்குள் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கின்றன. கொம்பையா புதுத் தகடு வைத்து, பத்து நட்டுகளையும் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரம் நோக்கி, ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அதோடு வேலை முடிந்துவிடாது. வண்டி ஓடிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, தகடு அமுங்கி உட்கார்ந்ததும் நட்டுகள் இளகிக் கொடுக்கும். பத்தாம் நாள் இஞ்சின் ஆறியிருக்கும்போது இன்னொரு தடவை முடுக்க வேண்டும். மறுமுடுக்கு என்று அதற்குப் பெயர். அரை மணி நேர வேலைதான், ஆனால் அதைச் செய்யாவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். வண்டிக்காரர்கள் மறந்துவிடுவார்கள் என்பதற்காகக் கொம்பையா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஸ்டியரிங்கில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவார். கை வைக்கும் போதெல்லாம் கயிறு உறுத்தி ஞாபகப்படுத்தும். பத்தாம் நாள் முடுக்கி முடித்ததும் அவரே குறட்டால் கயிற்றை நறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்.

பத்தாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. வேல்தாய் சொன்னபடி வந்துவிட்டாள். ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் குறைகிறது தம்பி என்றாள். கொம்பையா பின்னால் போய் உட்கார்ந்தார். புகை வெள்ளையாக வந்தது. கையில் வாங்கினார், ஈரம். நட்டு இளகி, தகட்டின் ஓரமாகத் தண்ணீர் கசிகிறது. இன்றைக்கே முடுக்கினால் நின்றுவிடும் என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. வண்டி ஆறட்டும் என்று சொல்வதற்காக எழுந்தார், கையில் ஸ்பானர் இருந்தது. ஆனால் அந்தப் புகை கலைந்து போகாமல் ஒரு பனை உயரத்துக்கு ஏறி, அங்கேயே நின்று, வந்ததெல்லாம் வந்ததோடு சேர்ந்து, ஒரு களம் அகலத்துக்குப் பரவி, அடிப்பக்கம் கறுத்து, பட்டறையை ஒட்டியிருந்த நிலத்தின் மேல் சடசடவென்று இறங்கியது. அந்த நிலம் கொம்பையாவுடையது. நாலு குறுக்கம், ஏறக்குறைய நாலு ஏக்கர் கம்பு, முளைத்து ஒரு சாண் வளர்ந்து, மஞ்சளடித்துச் சாகக் கிடந்தது. வெடித்த கரிசல் தண்ணீரைக் குடிக்கிற சத்தத்தை அவர் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது, வேல்தாய்க்கு முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது. ஸ்பானரைக் கீழே வைத்தார். நாளைக்கு முடுக்கிக்கிடலாம் மதினி என்றார்.

மறுநாள் ஊர் கூடியது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மூன்று வருஷம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு மழை மேற்கேயிருந்து வந்தால் என்ன, சைலன்சரிலிருந்து வந்தால் என்ன? முதல் நாள் எந்தக் காடு, இரண்டாம் நாள் எந்தக் காடு என்பதில்தான் விடிந்ததிலிருந்து வாய்ச்சண்டை. அம்மன் கோயில் தர்மகர்த்தா வரதராசு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார், ஸ்டியரிங்கில் மஞ்சள் கயிறு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். காப்புக் கட்டியிருக்கிறதே, இது யார் கட்டியது என்று கேட்டார்.

கொம்பையா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார். “நான்தான் கட்டுனேன்” என்றார்.

அது உண்மைதான். ஆனால் அதற்கு மேல் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, அதை அவர் சொல்லவில்லை. மறுமுடுக்குக் கயிறு என்று தெரிந்திருந்த வேல்தாய்கூட, உள்ளதைச் சொல்கிற ஆள் காப்பாகவும் நினைத்துத்தான் கட்டியிருப்பார் என்று நம்பிவிட்டாள். அதற்குள் கூட்டம் வழிவிட்டு அவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. கிரீஸ் படிந்த அந்தக் கையைப் பிடித்து ஆளாளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாழ்நாளில் யாரும் அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, இதை மறைப்பானேன்.

காப்பு என்று ஆகிவிட்டால் அதற்குரிய முறைகள் எல்லாம் தன்னால் வந்துவிடும், யாரும் யோசித்து உண்டாக்க வேண்டியதில்லை. அறுப்பு முடிகிறவரை காப்பு இருக்கும். காப்பு இருக்கிறவரை வண்டி ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மழையும் கூடவே போய்விடும். வண்டிக்குள் செருப்போடு ஏறக் கூடாது. வேல்தாய் செவ்வாய் வெள்ளி ஒருபொழுது இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் தினமும் ரேடியேட்டருக்கு வர வேண்டும், நிலம் இருக்கிறவர்கள் இல்லாதவர்கள் என்ற பேதம் கிடையாது. ஊரில் வற்றாமல் கிடந்தது ஒரே ஒரு கிணறுதான். அதிலிருந்து ஒரு குடம் எடுத்து ஊற்றினால் ஒரு குறுக்கத்துக்கு உழவு மழை பெய்தது, எனவே யாரும் முகம் சுளிக்கவில்லை.

இப்படியாக ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. வேல்தாய் வண்டியை மெதுவாக வரப்பு ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போவாள், மேகம் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும், மேகத்துக்கு அடியில் தவளைகள் கத்திக்கொண்டே கூட வரும், அதற்கும் பின்னால் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஏழெட்டு மயில்கள். எந்தக் காட்டில் மழை என்று தெரிந்துகொண்டு பெண்கள் அங்கே துவைக்கத் துணி மூட்டையைத் தூக்கிப் போனார்கள். விவசாய ஆபீசர் ஜீப்பில் வந்து, குடை பிடித்து ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, ‘பரவலாக இல்லாவிட்டாலும் திருப்திகரமான மழை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் கேட்க வருவது போலத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து ஒரே ஒரு நாளைக்கு வண்டியை அனுப்பும்படி கேட்டார்கள். காப்புக் கட்டியிருக்கிறதே என்று வரதராசு வருத்தத்தோடு சொன்னார். காப்பு என்றதும் அவர்களும் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தவர்கள் மினி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், மாட்டு வண்டி கட்டினார்கள். நல்லவேளையாகப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை.

கொம்பையா மட்டும் தினமும் காலையில், மற்றவர்கள் குடத்தோடு வருவதற்கு முன்னால், ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பார். கேஸ்கட் வழியாகக் கசிகிற தண்ணீர் புகை ஆவதோடு நின்றுவிடாது, ஆயிலிலும் இறங்கும். தேன் மாதிரி இருக்க வேண்டிய ஆயில் மோராக வெளுத்து, கம்பியில் நுரை கட்டியிருக்கும். மோரான ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. இரும்பும் இரும்பும் உரசி, ஒருநாள் இஞ்சின் பூட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை அவர் பழைய ஆயிலை வடித்துக் குழி தோண்டி ஊற்றி மூடிவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். முப்பது வருஷம் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தே பிழைத்த மனிதர், இப்போது ஒரு பழுது சாகாமல் இருக்க அதற்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் மனசு பொறுக்காமல் வேல்தாயிடம் வாயைத் திறந்தார்.

“மதினி, ஆயிலு மோராயிருச்சு.”

“மோரானா?”

“என்னைக்காச்சும் ஒருநா இஞ்சின் பூட்டிக்கிடும். அப்புறம் நின்னது நின்னதுதான்.”

வேல்தாய் எதிரே கம்பங்காட்டைப் பார்த்தாள். கதிர் தள்ளியிருந்தது. “அறுப்பு வரைக்கும் ஓடுமா தம்பி?”

“நான் கூடவே இருந்து பாத்துக்கிட்டா ஓடும்.”

“அப்ப பாத்துக்கிடுங்க” என்றாள். கொஞ்சம் தள்ளிப் போனவள் திரும்பி நின்று, “நடுவுல யாருக்காச்சும் ஆஸ்பத்திரிக்கு...” என்று ஆரம்பித்தாள். பிறகு அவளே அதை விட்டுவிட்டாள்.

மார்கழி பிறந்து ஆறாம் நாள். கம்பு பால் பிடிக்கிற நேரம், இன்னும் இரண்டே இரண்டு நனைப்பு நனைத்தால் ஊர் முழுக்கக் களம் நிறையும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று உச்சி வேளையில் கீழத்தெரு குருவம்மாளை நாலு பேர் கட்டிலில் வைத்து விலக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டாம் மாசம். புருஷன் தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை. அவளுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது, ஆனாலும் வயிற்றோடு தினமும் ஒரு குடம் சுமந்து வந்து ரேடியேட்டரில் ஊற்றுகிறவள். அன்றும் குடத்தைத் தூக்கும்போதுதான் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தாள். சேலையெல்லாம் ரத்தம். அடுத்த பஸ் மூன்று மணிக்கு. வேல்தாய் பின் கதவைத் திறந்தாள், குருவம்மாளை உள்ளே படுக்க வைத்தார்கள், வண்டி கிளம்பியது. விலக்கை அடுத்த எல்லைக் கல்லருகே கூட்டம் குறுக்கே நின்றது.

அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டிலைத் தூக்கி வந்த நாலு பேரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். வண்டிக்குள் ஏறிக் குருவம்மாளின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுத பக்கத்து வீட்டுப் பெண்ணின் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். அவர்களுக்குப் பயம், அவ்வளவுதான். மூன்று வருஷப் பட்டினியைப் பார்த்த பயம். வரதராசு கண் கலங்கியபடி, நாமாக முடிவு செய்ய வேண்டாம், அம்மனைக் கேட்டுவிடுவோம் என்றார். பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் வண்டி போகலாம், சிவப்பு வந்தால் நிற்க வேண்டும். பூசாரி குளிக்கப் போனார். வெள்ளைப் பூ கிடைத்துவிட்டது, சிவப்பு அரளிக்கு ஆள் ஓடியது. அரளி வந்தது, பொட்டலம் கட்ட வாழை இலை இல்லை. கொம்பையா இத்தனை நேரமும் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பைக்குள் குறடு இருந்தது. வண்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அது கேட்கவில்லை. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அவர் கால் நகர்ந்தது.

ஜன்னல் வழியே கையை விட்டுக் கயிற்றை நறுக்கினார்.

“இது காப்பு இல்ல” என்றார். கூட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “நட்டுகள மறுபடி முடுக்கணும்னு ஞாபகத்துக்கு நான் கட்டுற கயிறு. எல்லா வண்டிக்கும் கட்டுவேன். சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மழையும் பழுதுதான். வழிய விடுங்க.”

சொல்லிவிட்டு முன் சீட்டில் வேல்தாய் பக்கத்தில் ஏறிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. பூசாரி ஈர வேட்டியோடு வந்து சேர்ந்தபோது வண்டி எல்லைக் கல்லைத் தாண்டியிருந்தது.

தண்ணீர் ஒழுகுகிற இஞ்சின் பதினாலு மைல் நிற்காமல் ஓடாது என்று கொம்பையாவுக்குத் தெரியும். முதல் மைலிலேயே நிறுத்தச் சொல்லி, பானெட்டைக் கழற்றி வரப்பு மேல் போட்டார். மேகம் கூடவே வந்திருந்தது. ஊர் பயந்தது சரிதான், வண்டி போன இடத்துக்கு மழையும் போயிற்று. வண்டியின் புகை மேலே போய், மேகமாகி, வண்டியின் மேலேயே பெய்து, கொதிக்கிற இஞ்சினைக் குளிர வைத்து, திரும்பவும் புகையாகிப் போயிற்று. அப்படியே காய்ந்த ஊர்களின் நடுவே, தான் மட்டும் நனைந்துகொண்டு அந்த வண்டி ஓடியது. ரோட்டோரம் ஆடு மேய்த்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். பன்னிரண்டாம் மைலில் டேஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது, அடியிலிருந்து டக் டக் என்று பேரிங் தட்டுகிற சத்தம் கேட்டது. வேல்தாய் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தாள், அவர் ஓட்டுங்க என்று கையைக் காட்டினார். ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்ததும் இஞ்சின் ஒரு தடவை நெஞ்சடைத்தது போல் குலுங்கிப் பூட்டிக்கொண்டது. மேகம் அங்கேயே நின்று, மிச்சம் இருந்ததையெல்லாம் முற்றத்தில் பெய்து தீர்த்துவிட்டுக் காணாமல் போயிற்று. காத்திருந்த ஜனங்கள் வராந்தாவுக்கு ஒதுங்கி, பெய்து ஓய்ந்ததும் மறுபடி வெயிலில் வந்து உட்கார்ந்தார்கள்.

குருவம்மாள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. கை கழுவிக்கொண்டே நர்ஸ், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி சொன்னாள்: “அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா புள்ளையையும் எடுத்திருக்கலாம்.”

வண்டியை மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கம்பு பாதி பதராகப் போயிற்று, பாதி தேறியது. ஊரில் கொம்பையாவை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அரை மணி நேரம் என்ற பேச்சு வேல்தாய் வாய் வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. அந்த அரை மணி நேரத்தில் எல்லைக் கல்லருகே நின்றவர்கள் அவரவர் வீட்டில் அவரவராக அதைச் சுமந்துகொண்டு நடமாடினார்கள். பூசாரி கொஞ்ச நாள் கோயில் நடையைத் திறக்க வராமல் படுத்தே கிடந்தார். தை பிறந்ததும் வரதராசு எல்லோரையும் கூட்டி, இனி அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது முதலில் வேல்தாயின் வண்டி டவுன் ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், காப்பு ஆளுக்குத்தான், அந்த வண்டிக்கு எந்தக் காலத்திலும் கிடையாது என்றார். மறுபேச்சு இல்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், இன்றைக்கும் அந்த ஊரில் அந்த முறைதான். கொம்பையா இஞ்சினை முழுக்கப் பிரித்து, பேரிங் மாற்றி, புதுக் கேஸ்கட் வைத்து, பத்து நட்டுகளையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்கி, ஸ்டியரிங்கில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கட்டிய முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

பத்தாம் நாள் காலையில் வேல்தாய் வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். இஞ்சின் ஆறிக் கிடந்தது. கொம்பையா ஸ்பானரை எடுத்தபோது குருவம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு குடம் தண்ணீர், எப்போதும் கொண்டுவருகிற அதே குடம். தகர நிழலுக்குள் வராமல் வெயிலிலேயே நின்றாள்.

“அண்ணாச்சி, அந்தக் கயித்த என்னைக்கு அறுத்திருக்கணும்?”

பொய் சொல்ல வழியிருந்தது. கார்த்திகையில்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு வேறு மெக்கானிக் அந்தப் பக்கம் யாருமில்லை.

“பத்தாம் நாளு” என்றார்.

“அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்மா. கையில ஸ்பானரு இருந்துச்சு. அரை மணி நேர வேல. எங்காட்டுல மழை பேஞ்சுச்சு, கீழ வச்சிட்டேன்.”

குருவம்மாள் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நானுந்தான் ஊத்துனேன், தெனமும் ஒரு கொடம். ஊருல எல்லாருந்தான் ஊத்துனாக. தெரிஞ்சு ஊத்த விட்டது நீங்க ஒருத்தருதான்.”

கொம்பையா தலையை ஆட்டினார்.

“என் கண்ணு முன்னால முடுக்குங்க” என்றாள் அவள்.

அவர் முடுக்கினார். நடுவில் ஒன்று, அதற்கு எதிரே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அதற்கு எதிரே ஒன்று என்று ஒவ்வொரு நட்டும் கால் திருகு உள்ளே போய் இறுகி நின்றது. குருவம்மாள் பத்தையும் வாய்விட்டு எண்ணினாள். முடிந்ததும் அவர் குறட்டை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். குறட்டை அவளிடம் கொடுத்தார். அவள் முன் கதவைத் திறந்து குனிந்து கயிற்றை நறுக்கி, அதைக் குப்பையில் போடாமல் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். பின்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். புகை இல்லை, வெறும் சூடு. கை காய்ந்தே இருந்தது. அவள் குடத்தைச் சாய்த்து ரேடியேட்டரில் ஊற்றினாள். ஒரு செம்பு அளவுதான் பிடித்தது, அதற்கு மேல் விளிம்புக்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால் மணி நேரம், அரை மணி நேரம் இஞ்சின் ஓடியது. தண்ணீர் இறங்கவில்லை.

வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. குருவம்மாள் மிச்சத் தண்ணீரோடு குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.